காலண்டருக்குப் பின்னால்

வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதுமே செம்பியனின் கை காலண்டரைத் தேடிப் போய்விட்டது. கைக்கு வெட்கம் கிடையாது, அதுபாட்டுக்கு வேலையைச் செய்துவிடும், வெட்கமெல்லாம் பிறகு முகத்துக்குத்தான். பீரோவுக்குப் பின்னால் இருந்து எடுத்து, தூசி தட்டி, கூடத்துச் சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டினான். நகைக்கடைக் காலண்டர். தாமரையில் நின்றுகொண்டு லட்சுமி உள்ளங்கையிலிருந்து காசு கொட்டுகிறாள், கீழே தேதி கிழிக்கிற அட்டை. சட்டத்துக்குள் இருக்கும் பழுப்பேறிய தாள் முழுசாக மறைந்துவிட்டது. மறையும்படி அளவெடுத்து வாங்கிய காலண்டர் இல்லை, ஆனால் கடைக்காரர் கொடுத்த இரண்டில் பெரியதாகப் பார்த்து எடுத்தது அவன்தான். ஆணியும் அவன் அடித்ததுதான். அடிக்கும்போது பின்கட்டிலிருந்து அம்மா, என்னடா தட்டுறே என்று கேட்டாள், படம் மாட்டுறேம்மா என்றான், அது பொய் இல்லை, லட்சுமி படம்தானே, என்று அன்றைக்கு மனசு சொன்ன சமாதானம் இன்றைக்கும் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, புளித்துப்போய். யாராவது மறைக்கச் சொன்னார்களா? நினைவகத்தைப் பார்க்க முதல் பள்ளிக்கூடம் வந்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது. சொல்லியிருந்தால் சொன்னவர் தலையில் போட்டுவிடலாம். இன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற ஜெசிந்தா மிஸ் போன வாரம் போனில், சார் அந்த ஒரு தாள் மட்டும், எங்க பிள்ளைங்க ஒன்பதாங்கிளாஸ்தான், என்று இழுத்தபோது, அதெல்லாம் ஏற்பாடு இருக்கு மிஸ், கவலையே படாதீங்க என்று அவன் சொன்ன வேகத்தில் அந்தம்மாளால் இழுத்த வாக்கியத்தை முடிக்கக்கூட முடியவில்லை.

ரெண்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கே வந்து நிற்கிறார்கள். ரெண்டு மணி என்றால் அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள், அதற்காகவே அவன் ரெண்டு என்று சொன்னது. இப்போது பின்கட்டில் மின்விசிறி சுற்றுகிற கிறீச் கேட்கிறது, அதற்கடியில் அவள் விழித்திருக்கிறாளா கண்ணசந்திருக்கிறாளா என்பது மட்டும் கேட்கவில்லை. வாசலில் செருப்புகள் குவிகின்றன. ஒரு பெண் போர்டை எழுத்துக் கூட்டுவதுபோல் வேண்டுமென்றே நீட்டி வாசிக்கிறாள், "கொடி இயக்க நினைவகம்", இன்னொருத்தி, "எந்தக் கட்சிக் கொடிடீ?" என்று கேட்க, சிரிப்பு. "கட்சிக் கொடி இல்லம்மா, துணி காயப்போடுற கொடி," என்று செம்பியன் சொல்ல, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும், அவனும் அதற்கு நிறுத்தம் விட்டுக் காத்திருந்து சேர்ந்து சிரிப்பான், சிரித்துவிட்டுக் குரலை இறக்கிச் சொல்வான், எழுபதுகளில் இந்த உறையூர்த் தெருவில் ஆறு பேர் சேர்ந்து, பத்திரிகைக்காரர்கள் யாரும் தங்கள் கவிதையைப் போடமாட்டார்கள், போட்டாலும் வெட்டித்தான் போடுவார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் விளக்குக் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கயிறு கட்டி, கவிதையெழுதிய தாளைத் துணி மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். யாரும் படிக்கலாம், பிடித்தால் உருவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஊரார் வைத்த பெயர் துணி காயப்போடுற கோஷ்டி. இதெல்லாம் வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். வாய்க்கும் வெட்கம் கிடையாது போலிருக்கிறது. இதோ பாருங்கள் அந்தக் கயிறு, இதோ பிரதி எடுக்கத் தாள் உருட்டிய மிஷின், மை எப்படி ஒட்டுகிறது பாருங்கள், அந்த ஆறு பேரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான் பிள்ளைகளே, மனுஷன் வாழ்க்கையில் மூடி வைக்கவேண்டியது என்று எதுவும் கிடையாது. சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் லட்சுமி காசு கொட்டிக்கொண்டிருப்பது சுடுகிறது, வெயிலில் நின்றால் பிடரி சுடுமே அந்த மாதிரி.

"யாரு எழுதினதுன்னு பேரே போடலையே சார்," என்று ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கேட்டாள். நிலோஃபர் என்று அடையாள அட்டையில் இருக்கிறது. வேனிலிருந்து இறங்கியதிலிருந்து எதையாவது தொட்டுப் பார்த்துக்கொண்டே வருகிற பெண். பேர் போடமாட்டார்கள் என்றான். அது அவர்கள் சட்டம். பேர் போடக்கூடாது, ஆனால் எழுதியவர் அந்தத் தாளுக்கு அடியிலேயே நிற்கவேண்டும், கயிற்றை அவிழ்க்கிறவரைக்கும், யார் என்ன கேட்டாலும் நகரக்கூடாது. "மழை வந்தா?" நனையணும். "யாராச்சும் அடிச்சா?" பிள்ளைகள் எல்லோரும் இப்போது அவனைப் பார்க்கிறார்கள். வாங்கிக்கணும் என்றான். இந்த இடத்தில் குரல் தழுதழுக்க வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வரும்போது தழுதழுக்கும், இன்றைக்கு வைத்துக்கொள்ளாமலே வந்தது. ஏனென்றால் அடி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே இருந்தான், அஞ்சு வயசு, கம்பத்தைக் கட்டிக்கொண்டு, வாயில் சவ்வு மிட்டாய். போலீஸ் வருது என்று யாரோ கத்தினார்கள். கயிற்றுக்கு அடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள், அவன் அப்பாவும்தான், அப்பாவுக்கு இபி ஆபீஸில் வேலை, வேலை போய்விடுமே, செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது. அம்மா மட்டும் நின்றாள். தாளுக்கு நேர் அடியில், பள்ளிக்கூடத்தில் உயரம் அளக்க நிற்கிற மாதிரி நேராக. இதை எழுதின நாய் எது என்று கேட்டார்கள், நான்தான் என்றாள். இன்ஸ்பெக்டருக்குக் கவிதையில் இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லையாம், கூட்டத்தில் நின்ற தமிழ் வாத்தியாரைக் கேட்டாராம், அவர் அர்த்தத்தைக் காதோடு சொல்லி, கோயில் புராணத்திலேயே வரும் சார் என்றும் சொல்லிவிட்டு, எங்கே தன்னைச் சாட்சியாக எழுதிவிடப்போகிறார்களோ என்று நழுவிவிட்டாராம். தெரிந்தபிறகு அறைந்தார்கள். அவன் பார்த்தான். மிட்டாயைத் துப்பவேண்டும் என்று தோன்றியது, துப்பவில்லை, சப்பிக்கொண்டே பார்த்தான், அது இனித்துக்கொண்டே இருந்தது.

அஞ்சே வரி. அம்மா அவனைப் பெற்றதைப் பற்றி. மூன்றாவது வரியில் அந்தச் சொல், உடம்பில் எல்லோரும் வெளியே வந்த இடத்தின் பெயர், அவ்வளவுதான், அதற்குத்தான் கேஸ், அதற்குத்தான் ஜெயில், அப்பா சேலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனது போனதுதான். வக்கீல் சொன்னாராம், அர்த்தம் தெரியாம எழுதிட்டேன்னு ஒரே ஒரு பொய் சொல்லிடும்மா, இன்னைக்கே புள்ளையோட வீட்டுக்குப் போயிடலாம். தெரிஞ்சுதான் எழுதினேன் என்றாளாம். ஊருக்கு இதெல்லாம் பெருமை, இப்போது. அப்போது அவனுக்கு என்னவாக இருந்தது என்று எந்த ஆராய்ச்சிக்காரரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டான். ஒன்றுக்கு விடுகிற மணி அடித்ததும் சுவரோரம் அவனை நிறுத்தி வைத்துப் பையன்கள் சுற்றி நின்று மூன்றாவது வரியை ராகம் போட்டுப் பாடுவார்கள். அவன் வந்த வழியை உடம்பில் தொட்டுக் காட்டுவார்கள். அவன் அம்மாவைக் கண்ணாலே கண்டிராதவன்கூட அம்மாவை அம்மணமாகப் பார்த்தவன் மாதிரி சிரிப்பான். சாயங்காலம் கூப்பிட வருகிற அம்மாவை அவன் கேட்டுக்கு வராதே, மளிகைக்கடைப் பக்கம் நில்லு என்று சொல்லியிருந்தான். ஏன்டா என்று அவள் ஒருதடவைகூடக் கேட்டதில்லை, மளிகைக்கடைப் பக்கமே நின்றாள், கடைக்காரன் ஒருமாதிரி பார்ப்பான், பார்க்கட்டும் என்று நின்றாள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், அம்மா என்ன செய்றாங்க, என்றபோது தையல் டீச்சர் என்றான். சுகந்தி கல்யாணமாகி வந்து அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இதுல என்னங்க இருக்கு, உள்ளதைத்தானே சொல்லியிருக்காங்க," என்றாள், ரெண்டு பெற்றபிறகு, "இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கணும் அத்தை," என்றுகூடச் சொன்னாள், மாமியாரும் மருமகளும் சிரித்தார்கள். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். பிறகு காலம் திரும்பியது, புரொபசர்கள் வந்தார்கள், அம்மாவின் காலில் விழுந்தார்கள், முன்கட்டு நினைவகமாயிற்று. கூட்டுறவுப் பண்டகசாலை வேலையை விட்டுவிட்டு அவன் அதற்குக் காப்பாளன், அம்மாவின் பெயரைச் சொன்னால் இன்றைக்கு அவனுக்கு நாற்காலி போடுகிறார்கள், மாலை போடுகிறார்கள், அந்த மாலையோடு வீட்டுக்கு வந்து அவன் சட்டத்துக்கு மேலே ஆணி அடித்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியக்கூடாதே என்றா? தெரியாதா அதுகளுக்கு. பாடப்புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறதே. பிள்ளைகளைக் காப்பாற்ற இல்லை, பிள்ளைகள் திரும்பி அந்த வரிக்கும் அவன் முகத்துக்குமாகப் பார்க்கிற அந்த ஒரு பார்வையிலிருந்து, ஐம்பத்தஞ்சு வயசில், நரைத்த மீசையோடு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

கிறீச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? மின்விசிறி நின்றால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம், கரண்டு போயிருக்கலாம் என்று ஒரு நப்பாசை, மேலே பார்த்தான், கூடத்தில் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு தையல்நாயகி நிலைப்படியில் நின்றாள். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் எடுக்கவேண்டும், எடுத்த கண்ணுக்கும் பெரிய உருவம்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், நினைக்க வசதியாக இருந்தது. "என்னடா, இவ்வளவு குருவி உள்ள வந்திருக்கு, என்னை எழுப்பலை?" என்றாள். ஜெசிந்தா மிஸ் பரபரத்து, "பிள்ளைங்களா, இவங்கதான், நான் சொன்னேன்ல, அந்த ஆறு பேர்ல ஒரே பொம்பளை, எழுந்து… ஓ, நின்னுட்டுத்தான் இருக்கீங்க, வணக்கம் சொல்லுங்க," என்றாள். "வணக்கம் பாட்டி" என்று கூடமே அதிர்ந்தது. "உட்காருங்கம்மா, இங்க வாசப்பக்கம் காத்து வரும்," என்று செம்பியன் நாற்காலியை இழுத்தான், வாசலைப் பார்த்தமாதிரி, சுவருக்கு முதுகு காட்டினமாதிரி. அவள் உட்காரவில்லை. கையைத் தட்டிவிட்டுவிட்டு, மிஷினைத் தொட்டு, கயிற்றைத் தொட்டு, ஆறு பேர் இருக்கிற போட்டோவை முகர்ந்து பார்க்கிற கிட்டத்தில் பார்த்து, "இந்தா இந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டு மங்கலாத் தெரியுறாரே, இவங்கப்பா, போட்டோவுலயே ஓடுறாரு பாரு," என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க வைத்து, சுவரோரமாகவே நகர்ந்து நகர்ந்து வந்தாள். போகாதே போகாதே என்று அவனுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஈரம்மா, என்று சொல்ல வாயெடுத்தான், கொத்தனார் சரியா பூசலை, வழுக்கும், என்னென்னவோ சொல்ல இருந்தது, அதற்குள் அவள் நெருங்கிவிட்டாள். வந்து, லட்சுமிக்கு நேர் அடியில், பழக்கம் விடுமா, சுவரில் முதுகைச் சாய்த்து நேராக நின்றாள். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காலண்டர். அவன் தரையைப் பார்த்தான். மொசைக்கில் ஒரு வெள்ளைக் கல், ஒரு கறுப்புக் கல், மறுபடி வெள்ளை.

"பாட்டி, அப்போ உங்க கவிதை எது? எதுக்கு அடியில நின்னீங்க?" இதுவும் நிலோஃபர்தான். செம்பியன் குறுக்கே புகுந்து, அது கோர்ட்டிலேயே போயிடுச்சும்மா, என்றான். என்றானா? அவன் குரல்தான். இதுவரைக்கும் மறைத்தது கை, இப்போது வாய். அந்தப் பெண் விடவில்லை, மெள்ள முன்னால் வந்து, எக்கி, "சார், இந்தக் காலண்டரும் அந்தக் காலத்துதா? அவங்க வீட்ல இருந்ததா?" என்றாள். மற்றதற்கெல்லாம் பக்கத்தில் அட்டையில் விளக்கம் ஒட்டியிருக்கிறது, இதற்கும் இருக்கிறதே, சட்டத்துக்குப் பக்கத்தில், அவன் எடுக்க மறந்துவிட்ட அட்டை, இத்தாள் காவல்துறையால் கைப்பற்றப்பட்டு வழக்கு முடிந்தபின் திருப்பித் தரப்பட்டது, என்று லட்சுமியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆமாம்மா, என்று அவன் தலை ஆடத் தொடங்கியது, ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. "ஆனா இந்த வருஷம்னு போட்டிருக்கே சார். போன மாசத் தேதியே இன்னும் கிழிக்கலையே." பின்னால் யாரோ களுக்கென்றார்கள். "அப்ப லட்சுமியை எதுக்கு சார் போலீஸ் புடிச்சாங்க?" என்று ஒருத்தி கேட்க, கூடம் குலுங்கிற்று. ஜெசிந்தா மிஸ், "ஏய், ஏய்," என்றாள், அவள் முகமும் சிவந்துவிட்டது. அவனுக்கு ரத்தமெல்லாம் காதுக்கு ஏறியது. அம்மா தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பது அவனுக்குப் பார்க்காமலே தெரிந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, தாமரை, காசு, தேதி அட்டை, அதற்கு ஓரத்தில் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின் மரம், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். எவ்வளவு நேரம். பிறகு அவனைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மளிகைக்கடைப் பக்கம் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் விட்டு அவன் வருவதைப் பார்ப்பாளே, கேட்டைத் தாண்டி, பையன்களைத் தாண்டி, வந்து சேர்ந்துவிடுவானா என்று, அந்தப் பார்வை. "அங்க சுவத்துல காரை பேந்துபோச்சு கண்ணு," என்றாள் நிலோஃபரிடம். "பார்க்க நல்லா இல்லைன்னு நான்தான் அதை மாட்டச் சொன்னேன். அட்டையை எடுக்க மறந்துட்டோம்." நிலோஃபர், "ஓ," என்றாள், அவ்வளவுதான், நம்பிவிட்டாள், யார்தான் நம்பமாட்டார்கள். ஜட்ஜ் முன்னால் வராத பொய். அறை வாங்கியும் வராத பொய். பிள்ளையோடு வீட்டுக்குப் போகலாம் என்றபோதும் வராதது, பிள்ளைக்காக இப்போது கொஞ்சமும் தடுக்காமல், தண்ணீர் மாதிரி வந்துவிட்டது. இதைவிட அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுப் பாடியிருக்கலாம்.

"வரிசை, வரிசை, தண்ணி குடிச்சுட்டு வேன்ல ஏறுங்க," என்று மிஸ் கைதட்டி ஓட்டிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் டிபன் பாக்ஸ் மூடிகளும் கூச்சலுமாக இருந்தது, தண்ணீர் மேலே அடிக்காதடீ, மிஸ் இவளைப் பாருங்க. கூடத்தில் அம்மாவும் அவனும். அம்மா, நான், என்று தொடங்கினான். "எடுடா அதை," என்றாள். எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான், எங்கே வைப்பது என்று தெரியவில்லை, லட்சுமியைக் கவிழ்த்து மிஷின் மேல் வைத்தான். "படி." வேன் போகட்டும்மா. "எனக்குக் கண்ணு தெரியலை, படி." அவன் ஜன்னலைப் பார்த்தான், திறந்திருந்தது, சாத்தப் போனால் அது இன்னொரு காலண்டர். தாளைப் பார்த்தான். நர்ஸ் சொன்னாள்: வாயை மூடு, என்று படித்தான், குரல் யாருடையதோ போல் இருந்தது. மூடிக்கொண்டேன், என்று படித்தான். மூன்றாவது வரி வந்தது. சின்ன வயசிலிருந்து எத்தனை பேர் வாயில் கேட்ட வரி, சுவரோரம், கக்கூஸ் கதவில் கரியில் எழுதி, எத்தனை ராகத்தில், அவன் வாயில் மட்டும் வந்ததில்லை. உதட்டை அசைத்தான். "கேக்கலை," என்றாள் அம்மா. கொஞ்சம் கூட்டிச் சொன்னான். "காது நல்லாத்தான்டா இருக்கு, நீ சொன்னாத்தானே கேக்கும்." குழாயடியில் ஒரு பெண் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். செம்பியன் மூச்சை இழுத்து, பிறகு யோனியால் கத்தினேன், என்றான். சத்தமாகவே வந்துவிட்டது, நினைத்ததைவிடச் சத்தமாக, பாட்டு பாதியில் நின்றது, ரெட்டைப் பின்னல் ஒன்று ஜன்னல் பக்கம் திரும்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது, நிறுத்திவிடலாம், இங்கேதான் எல்லோரும் நிறுத்துவார்கள். இன்ஸ்பெக்டர் இங்கே நிறுத்தினார், குற்றப்பத்திரிகையில் இந்த வரி மட்டும்தான் இருந்தது, பையன்கள் இதற்கு மேல் போனதே இல்லை. அவனும்தான். சட்டம் போட்டவன் அவன், கண்ணாடி துடைக்கிறவன் அவன், ஆனால் கண் மூன்றாவது வரியில் முட்டியதும் திரும்பி ஓடிவந்துவிடும், கீழே இன்னும் ரெண்டு வரி இருப்பது தெரியும், பார்த்திருக்கிறான், படித்ததில்லை. "ம், மேலே," என்றாள் அம்மா. படித்தான்.

அந்தக் கத்தல் இப்போது

சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது.

வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை, பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற சின்னப் பையனைப் பார்த்தால் வருமே அது, ஆனாலும் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை. அம்மா மேலே அண்ணாந்து, தெரியாத கண்ணை இடுக்கிக்கொண்டு, தாள் இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லை," என்றாள், "நல்லாத்தான் எழுதியிருக்கேன்."